தலைக்கு ஒரு ஓட்டு

எதையும் நடத்திக் காட்டினால்தான் ஜெயம் டீச்சருக்குத் திருப்தி. உழவர்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் டெம்பரரி. ஆய்வாளர் இராமதாஸ் பாடத்தைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை எழுதினால் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் கோடை விடுமுறையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் வருகிற அன்று ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற அகஸ்டினாவையும் சகாயநாதனையும் பாதிரிமார் ஆக்கினாள். காற்று வரும் ஜன்னலோரம் இருந்த மூன்று பேர் பிரபுக்கள். மீதி முப்பது பேரும் பொதுமக்கள். பெரும்பாலும் மில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.

"நாந்தான் ராஜா. சபையைக் கூட்டுறேன். வெள்ளிக்கிழமை டெஸ்ட் வெக்கலாமா? பாதிரிக்கும் பிரபுவுக்கும் டெஸ்ட் கிடையாது. ஓட்டுப் போடுங்க."

பாதிரிமாரும் பிரபுக்களும் வைக்கலாம் என்றார்கள். பொதுமக்கள் கூரை அதிர வேணாம் என்றார்கள்.

"ரெண்டுக்கு ஒண்ணு. டெஸ்ட் உண்டு."

சாமிக்கண்ணு துள்ளி எழுந்தான். "இன்னா டீச்சர் அநியாயம்! நாங்க முப்பது பேரு!"

"தலையை எண்ண மாட்டாங்கடா. பிரிவுக்கு ஒரு ஓட்டு. நீங்க முந்நூறு பேர் இருந்தாலும் ஒண்ணுதான். அங்க ஏன் கொதிச்சாங்கன்னு இப்பப் புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. பாடத்தில் அடுத்ததாகப் பொதுமக்கள் தனியே கூடிச் சபதம் எடுப்பார்கள். இவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. அப்பாமாரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்; முப்பது பேரும் கிளம்பிப் போய்ப் பள்ளிக்கூட கேட்டை மறித்து உட்கார்ந்து கோஷம் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து இராமதாஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். பிள்ளைகளின் பின்னாலேயே ஜெயம் ஓடிவந்தாள்.

"என்னம்மா இது?"

"பாடம் சார்."

"உள்ள போங்கடா எல்லாரும்!"

"பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுங்க சார், வர்றோம்" என்றான் சாமிக்கண்ணு. "கோரிக்கை ரெண்டு. மொதல்ல, தலைக்கு ஒரு ஓட்டு."

"எதுக்கு?"

மூன்று பிரிவு, யாருக்கு வரி, யாருக்கு இல்லை, கஜானா எப்படிக் காலியானது என்று அவன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அதற்குள் இராமதாஸ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டிருந்தார்.

"சரி, ரெண்டாவது?"

"டெம்பரரியா இருக்கறவங்கள நிரந்தரம் பண்ணணும்."

ஜெயம் தலையில் கைவைத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்துச் சொல்ல வைத்தாள் என்றல்லவா நினைப்பார்!

"இங்க யாருடா டெம்பரரி?"

"அது தெரியாது சார். எங்கப்பா மில்லுல எந்த ஸ்ட்ரைக்கா இருந்தாலும் ரெண்டாவது கோரிக்கை அதான்."

இராமதாஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ரெண்டாவதுக்கு நான் எழுதறேன். மொதலாவது ராஜா பொறுப்பு."

ராஜா அங்கேயே தலையை எண்ணினாள். டெஸ்ட் ரத்து. கேட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்திருந்த பாதிரி அகஸ்டினாவும் பொதுமக்களோடு சேர்ந்து கை தூக்கியிருந்தாள். அதுவும் பாடத்தில் இருக்கிறது.