விளிம்பில் அரை மில்லிமீட்டர்

1

இந்தக் கதை என் சரக்கல்ல. பொம்மை ரயில் விற்கும் கடையொன்றில் ஒட்டுக்கேட்டது. ஒரு பெரியவர் வந்து, பழைய மாதிரி உயரமான தண்டவாளம் ஒரு வட்டத்துக்கு மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். அதெல்லாம் நின்றுபோய் எத்தனையோ வருஷமாச்சு என்றார் கடைக்காரர். என்ன விலை சொன்னாலும் தருவதாகப் பெரியவர் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பேரம் பேசுகிறவர்கள் நடுவே வளர்ந்தவன் நான். வாங்க வந்தவரே விலையை ஏற்றினால் அவருக்கு வேண்டியது அந்தச் சரக்கல்ல என்பது எங்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

மிச்சமெல்லாம் என் கற்பனை. குறையை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "மகள் இறந்து ஓராண்டு கழிந்த பின், மழை கொட்டிய ஒரு மாலையில் அவர்..."

(அடித்துவிட்டேன். அழுகையை வானத்திடம் இரவல் வாங்குவானேன்?)

இரண்டாம் தொடக்கம்: அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். முப்பத்தைந்து வருஷம் ஊரார் கண்ணை இம்மி பிசகாமல் அளந்தவர். அந்த மனிதர் தண்டவாளத்தில் ஒரே ஓர் அளவைத்தான் எடுத்தார்: அகலம்.

இது நிற்கும். வைத்துக்கொள்கிறேன்.

3

மகளுக்குப் பத்து வயதில் ஓர் எஞ்சின் வாங்கித் தந்திருந்தார். கல்யாணமாகிப் போகும்போது அவள் எஞ்சினை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தை விட்டுவிட்டுப் போனாள். "ரயில் என்கிட்ட, பாதை உங்ககிட்ட. அப்பதான்ப்பா ஓட்டணும்னா நான் வந்தாகணும்" என்றாள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு மாதத்தில், வந்ததும் அசந்துபோகட்டும் என்று, பழைய தண்டவாளத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டார். அசல் ரயில்பாதை போலவே மெலிந்த புதுத் தண்டவாளத்தை அவள் அறை முழுக்கப் பதித்தார். அவள் வரவில்லை.

ஓராண்டு கழித்து எஞ்சின் மட்டும் வந்தது. லேத் பட்டறை வைத்திருக்கும் மாப்பிள்ளை கொண்டுவந்தார்.* பாதையில் வைத்தார்கள். அகலம் கச்சிதம். சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் கடகடவென்று குதித்தது.

மாப்பிள்ளை தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பழைய சக்கரத்துக்கு உள்விளிம்பு ஆழம். புதுத் தண்டவாளமோ குட்டை. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் குட்டிக் கொக்கிகளை விளிம்பு ஒவ்வொன்றாக இடித்தது.

"அரை மில்லிதான் மாமா. லேத்துல மாட்டிச் சீவிட்டா வழுக்கிட்டு ஓடும்."

பெரியவர் சக்கரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வெள்ளிப் பூச்சு போய் விளிம்பில் மட்டும் உள்ளிருந்த பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது.

"அவ கைக்குட்டையால துடைச்சுத் துடைச்சுத் தேஞ்ச இடம் இதுதானே மாப்ளே."

பிறகுதான் அவர் அந்தக் கடைக்குப் போனார்.

* மாப்பிள்ளையை வில்லனாக்கப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பார்க்க வைத்தேன், இரண்டாம் கல்யாணப் பேச்சைக்கூட நுழைத்தேன். ஒட்டவில்லை. எஞ்சினை அவளுடைய கம்பளிச் சட்டையில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்த மனிதரை நான் என்ன செய்ய?

4

முடிவு ஒன்று: சீவிவிடுகிறார்கள். ரயில் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. யாருடைய ரயிலோ போல.

முடிவு இரண்டு: கடைக்காரர் எங்கிருந்தோ பழைய தண்டவாளம் தேடிப்பிடித்து... (இதை உங்கள் தலையில் கட்ட எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: எஞ்சினைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து

5

பெரியவர் வெறுங்கையோடு திரும்புகிறார். மாப்பிள்ளை இன்னும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். எஞ்சின் பாதைமேல் நிற்கிறது. சீவாமல் அப்படியே ஓட்டினால் என்ன ஆகும் என்று பெரியவர் கேட்கிறார்.

"ஒரு சுத்து தாங்கும் மாமா. கொக்கியெல்லாம் உடைஞ்சு பாதை விட்டுப்போயிரும். அப்புறம் எந்த ரயிலும் ஓடாது."

"வேற எந்த ரயில் வரப்போகுது மாப்ளே?"

பெரியவரின் விரல் சுவிட்சின்மேல் இருக்கிறது. மாப்பிள்ளை எஞ்சின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. இதோடு மூன்று முறை "எடுத்தார்" என்று எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் சொல்லிப் பாருங்களேன்.