ரிவர்ஸ் எடுத்த நாள்

"இன்னும் கொஞ்சம் மேல, டாக்டரம்மா. ஜன்னல் தெரியணும்" என்றார் மாமனார்.

அவள் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தலையணைமேல் சாய்த்து உட்கார வைத்தாள். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய உடம்பு இப்போது பள்ளிக்கூடப் பிள்ளையின் கனம்தான் இருந்தது. இதயம் இனித் தாங்காது என்று வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள். இன்றோ நாளையோ என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய பேராசிரியை. போனில் பேசினால் தெருமுனை வரை கேட்கும் குரல் அவருக்கு.

"மூணு வயசுப் பொண்ணு. பொம்மைக்குள்ள இருந்த ஊதல் மூச்சுக்குழாய்க்குள்ள போயிடுச்சு. மூச்சு விட்டா விசில் வருது. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்மா. வேற ஆளைக் கூப்பிடறேன். ஆனா நீ வந்தா, இன்னைக்கு நீதான் எடுக்கறே. நான் பின்னால நிக்கறேன்."

"விசிலா?" மாமனார் தலையைத் தூக்கினார். "விசில் கேட்டா வண்டியை எடுத்துடணும். கிளம்பு."

"அப்பாவை இப்படி விட்டுட்டா?" என்றான் கதவருகே நின்றிருந்த கணவன்.

"நீ இருக்கேல்ல? நான் என்ன எழுந்து ஓடவா போறேன்?"

கணவன் உள்ளே போய் கார் சாவியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தான்.

அவளுக்கு நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருடமாகக் காது மூக்கு தொண்டை அறுவை செய்கிறாள். குழந்தைகளுக்கென்றே தனியாக இரண்டு வருட ஃபெல்லோஷிப் சேர்ந்தபோது, இருக்கிற படிப்பு போதாதா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பதில் சொல்லும் வேலையை மாமனாரே எடுத்துக்கொண்டார். "பெரியவங்க தொண்டை ஹைவே. குழந்தைங்களோடது சந்து. ரெண்டுக்கும் ஒரே லைசென்ஸ் ஆகுமா?" அவளைவிட அவருக்குத்தான் அந்தப் படிப்பு நன்றாகப் புரிந்திருந்தது.

ஆபரேஷன் தியேட்டரில் குழந்தை மயக்கத்திலும் மெல்ல விசிலடித்துக்கொண்டிருந்தது. மயக்க மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார். பென்சில் தடிமனே உள்ள உலோகக் குழாயை அவள் இறக்கினாள். வலது நுரையீரலுக்குப் பிரியும் கிளையில் ரோஜா நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது. இடுக்கியால் பிடித்து மேலே கொண்டுவந்தாள். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, இருப்பதிலேயே குறுகலான இடத்தில், இடுக்கி வழுக்கியது. ஊதல் குறுக்கே மாட்டிக்கொண்டது.

விசில் நின்றுவிட்டது.

ஆக்சிஜன் அளவைச் சொல்லும் கருவியின் ஒலி படிப்படியாக இறங்கியது. இழு, இழு என்று கை துடித்தது. இழுத்து அது வராவிட்டால் அப்புறம் ஒன்றுமில்லை. அவள் இழுக்கவில்லை. வந்த வழியிலேயே கீழே தள்ளினாள். ஊதல் மறுபடி வலது கிளைக்குள் போய் விழுந்தது. இடது நுரையீரலுக்கு வழி திறந்தது. ஒலி ஏறத் தொடங்கியது.

பின்னால் நின்ற பேராசிரியையின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

இரண்டாம் முறை ஊதலை நீளவாக்கில் திருப்பிப் பிடித்து, குழாயும் இடுக்கியுமாகச் சேர்த்தே வெளியே எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை கண் விழித்து, தொண்டை கிழிய அழுதது. அறையில் இருந்த எல்லோரும் அதைக் கச்சேரி மாதிரி நின்று கேட்டார்கள்.

வீடு திரும்பியபோது காலை மணி பதினொன்றரை. மாமனார் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

"சொல்லு" என்றார்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். மாட்டிக்கொண்ட இடம் வந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பின்னாலயா தள்ளினே?"

"ஆமா மாமா. ரெண்டு பக்கமும் அடைபடறதுக்கு, ஒரு பக்கமாவது ஓடட்டும்னு."

"ரிவர்ஸ்!" மெத்தையில் பலமில்லாமல் ஒரு தட்டு தட்டினார். "டேய், கேட்டியா? சந்துல மாட்டினதும் பதறாம ரிவர்ஸ் எடுத்திருக்கா. பாதிப் பேருக்கு அது வராதுடா. ஆக்சிலேட்டரை மிதிச்சு எவன் வீட்டுச் செவுத்துலயாவது ஏத்துவான். உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அது ஒரே ஒரு தடவைப்பா" என்றான் கணவன்.

"உங்க மேடம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மாமா. டீ வாங்கிக் கொடுத்தாங்க."

"அப்ப நீ பாஸ். இன்னொரு தடவை முதல்லேருந்து சொல்லு."

முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரிவர்ஸ் வந்த இடத்தில் உதடு கொஞ்சம் விரிந்தது. குழந்தை அழுததைச் சொன்னாள், அதன் அம்மா ஓடி வந்ததைச் சொன்னாள், டீயில் சர்க்கரை அதிகமாக இருந்ததையும் சொன்னாள். பிறகு அவர் மணிக்கட்டில் விரல் வைத்தாள். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

கணவன் வந்து மறுபக்கம் உட்கார்ந்து அப்பாவின் இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எது வரைக்கும் கேட்டாரு?"

"குழந்தை அழுத வரைக்கும்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்தது. அவருடன் ஒரே பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் போன கண்டக்டர் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, "இத்தனை வருஷம் நான் சொல்லாம வண்டியை எடுத்ததே இல்ல. இன்னைக்குப் பாரு" என்று பொய்க்கோபத்தோடு சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

வந்தவர்களுக்கெல்லாம் கணவன் காலையில் நடந்ததைச் சொன்னான். முதல் தடவை கடலை அளவு இருந்த ஊதல், நாலாவது தடவை கட்டைவிரல் அளவு ஆகியிருந்தது. அவள் திருத்தவில்லை. "சாவு வீட்டுல என்னய்யா சிரிப்பு?" என்று அதட்டிக்கொண்டு வந்த பெரியவர், "என்னவாம்?" என்று கேட்டுவிட்டுத் தானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மதியம் எல்லாம் முடிந்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவள் வாசலுக்கு வந்து தன் செருப்பைத் தேடினாள். நேற்று அவசரத்தில் தியேட்டரில் போடும் பச்சை ரப்பர் செருப்போடேயே வந்திருந்தாள். அதைக் காணோம். அந்த இடத்தில் பெரிய தோல் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது.

தெருவில் கண்டக்டர் போய்க்கொண்டிருந்தார். காலில் பச்சைச் செருப்பு. பாதி குதிகால் பின்னால் தொங்க, குனிந்துகூடப் பார்க்காமல் நடந்தார்.

"கூப்பிடட்டுமா?" என்றான் கணவன்.

"வேண்டாம். போகட்டும்."

கண்டக்டர் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, வண்டி வரும் திசையைப் பார்த்தார்.