ஒரே கணக்கில் இரண்டு பேர்

நான் அத்தையான செய்தியை எனக்குச் சொன்னது ஒரு பாட்டுத் தளம். உறவுக்காரர்கள் யாரும் சொல்லவில்லை, என் தம்பியும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் மேசையில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு, 'இந்த வாரம் உங்களுக்காக' என்ற பட்டியலைத் திறந்தேன். முப்பது பாட்டில் பதினொன்று தாலாட்டு. எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் வீட்டில் நான் மட்டும்தான். என்னைத் தூங்க வைக்கத் தாலாட்டுத் தேவையில்லை, ஒரு நாளுக்கு நான் தட்டச்சு செய்கிற நூற்றைம்பது ரிப்போர்ட்டே போதும்.

அந்தக் கணக்கு எனக்கும் தம்பிக்கும் பொது. அவன் வீட்டில் இருந்த காலத்தில், என் கம்ப்யூட்டரில், என் கைபேசி எண்ணைக் கொடுத்து அவன்தான் தொடங்கினான். வேலை கிடைத்துக் கடல் தாண்டிப் போனபோதும் அதையே கையோடு கொண்டுபோனான். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். அங்கே அவன் அழுத்தினால் இங்கே எனக்கு நின்றுவிடும், திரையில் 'வேறொரு சாதனத்தில் பாடிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு வரி வரும். அந்த நாட்களில் வேண்டுமென்றே ஒருவர் பாட்டை ஒருவர் பிடுங்குவோம். பிறகு போனில் அரை மணி நேரம் சண்டை.

உண்மையான சண்டை அப்பா இறந்தபோது வந்தது. விமானம் தாமதமாகி அவன் மறுநாள் மாலைதான் வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்திருந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தனியாக அலைந்த ஆத்திரம் எனக்கு. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "எல்லாம் முடிஞ்சிருச்சு. காபி குடிச்சிட்டுக் கிளம்பு. விருந்தாளிக்கு இங்க வேற என்ன வேலை." அவன் கையில் கொடுத்த காபியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, திறக்காத பையை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் கணக்கை விட்டு அவனும் போகவில்லை, நானும் போகவில்லை. புதிதாக ஒன்று தொடங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. அவன் போன இரண்டாவது வாரம், நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்று அந்த வரி திரையில் வந்தது. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்துவிட்டது. சரி, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான், சாப்பிட்டிருப்பான், பாட்டுக் கேட்கிற அளவுக்கு இருக்கிறான் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவருடைய சர்க்கரை அளவைத் தட்டச்சு செய்தேன்.

யாரும் பேசி வைக்காமலே எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்தது. காலை பத்திலிருந்து மதியம் வரை எனக்கு. மூன்றரைக்கு மேல் அவனுக்கு, அப்போது அங்கே அவனுக்கு ராத்திரி. ஒரு நாள் மறதியில் நாலு மணிக்கு நான் அழுத்திவிட்டேன். அவன் உடனே விட்டுக்கொடுத்து ஒதுங்கிவிட்டான், அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையை அவனுக்காக விட்டு வைத்தேன். அவன் தொடவில்லை. மாலையையும் அவன் எனக்காக விட்டு வைத்திருந்தான். ஆக அன்று முழுக்க இரண்டு பேருமே பாட்டுக் கேட்கவில்லை.

அவன் கேட்பதை வைத்துத் தளம் எனக்கும் பட்டியல் போட்டது. அப்படித்தான் எனக்குப் புதுப் பாட்டெல்லாம் வந்து சேர்ந்தது. ஒரு கிழவர் ஒரு மரப்பெட்டியை விரலால் தட்டி வாசிப்பார், சுருதி சேர்வதற்குள் பாதி நேரம் இருமுவார், ஆனால் பிறகு விடவே முடியாது. பெயர் தெரியாத மொழியில் நாலு பெண்கள் துணி துவைப்பதைப் போல ஒரு தாளத்தில் பாடுவார்கள். சில வாரம் வெறும் மழைச் சத்தம் மட்டும் நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். பாவம், தூக்கம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சில வாரம் வேகமான பறை போன்ற இசை. ஓட ஆரம்பித்திருக்கிறான், தொப்பை போட்டிருக்கும்.

பிறகுதான் தாலாட்டு. அவன் மனைவியின் மொழி அது. சண்டைக்கு முன்னால் அவளை ஒரே ஒரு தடவை வீடியோவில் பார்த்திருக்கிறேன், கையைக் கூப்பத் தெரியாமல் கையை ஆட்டினாள். தினமும் மூன்றரைக்கு ஒரே பாட்டு தொடங்கும். தளத்தின் 'கேட்டவை' பட்டியலில் சில நாள் ஐந்து தடவை இருக்கும், சில நாள் ஒன்பது. ஒரு வாரம் முழுக்கப் பதினாறு, பதினேழு என்று போனது. பல் முளைக்கிறது என்று முடிவு செய்தேன். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. யார் சாயல், என்ன பெயர், ஒன்றும் தெரியாது. எத்தனை தடவையில் தூங்கும் என்பது மட்டும் தெரியும்.

கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீம்புதான், வேறென்ன. சின்னவன்தானே, அவன் முதலில் பேசட்டும் என்று ஒரு நாள். பேசினால் என்ன சொல்வது என்று ஒரு நாள். மூன்று தடவை எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வெட்டியிருக்கிறேன். ஆபீஸில் யாராவது கூடப் பிறந்தவர்களைப் பற்றிக் கேட்டால் "எனக்குன்னு யாருமில்ல" என்று சொல்லி வைத்திருந்தேன். சொல்லச் சொல்ல அதுவும் பழகிவிட்டது.

இங்கேதான் எங்கள் ரீஸ்டார்ட் வருகிறார். ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். எந்தப் பிரச்சினை சொன்னாலும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா" என்று கேட்பதால் அந்தப் பெயர். ஐம்பது வயது, நல்ல மனுஷர், உதவி செய்யாமல் இருக்க முடியாத வியாதி. வாரா வாரம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவார். 'கீபோர்டில் காபி கொட்டினால் முதலில் ஒயரைப் பிடுங்கவும், அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளவும்.' 'மெயிலில் எல்லோருக்கும் பதில் அனுப்பும் முன் ஒரு தடவை யோசிக்கவும்.' இந்த இரண்டாவதை எழுதியதற்கு முந்தின வாரம்தான், தன் மூலவியாதி பற்றி விலாவாரியாக எழுதிய லீவு லெட்டரை நூற்றிருபது பேருக்கு அனுப்பியிருந்தார். அந்த வாரம் ஒட்டியிருந்த தாள், 'உங்கள் கணக்கில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? உடனே பாருங்கள்' என்பது.

அன்றைக்குப் பதினொரு மணி இருக்கும். என் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. நானே ரீஸ்டார்ட் செய்து பார்த்தும் அசையாததால் அவரைக் கூப்பிட்டேன். என் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சரிசெய்தார். மூடியிருந்த பக்கமெல்லாம் மறுபடி திறந்தது, பாட்டுத் தளமும்தான். பட்டியலைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"மேடம், உங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கா?"

"இல்ல சார்."

"பின்ன இத்தனை தாலாட்டு?" என்று கணக்குக்குள் போய்ப் பார்த்தார். "எங்கயோ வெளிநாட்டுல ஒரு போன்ல உங்க கணக்கு திறந்திருக்கு. தெரிஞ்சவங்களா?"

பக்கத்து மேசைப் பெண்கள் இரண்டு பேரும் தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தம்பி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால், யாருமில்லை என்றீர்களே என்பார்கள். ஏன் பேசுவதில்லை என்பார்கள். என்ன சொன்னீர்கள் என்பார்கள். ஒரு நொடிதான் யோசித்தேன்.

"தெரியாது சார்," என்றேன்.

"அப்படிப் போடுங்க," என்றார் அவர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில். நான் கையை நீட்டுவதற்குள் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று' என்பதை அழுத்திவிட்டார். பழைய கடவுச்சொல் உலாவியிலேயே சேமித்திருந்ததால் மாற்றுவதற்கும் ஒரு நிமிடம்தான் ஆனது. புதுசை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். அதில் ஆச்சரியக்குறி, டாலர், இரண்டு நட்சத்திரம், எல்லாம் இருந்தது. "இனிமே ஒரு பய உள்ள வர முடியாது மேடம்."

நன்றி சார் என்றேன். அவர் மேல் என்ன தப்பு? கேட்டார், நான் பொய் சொன்னேன்.

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் என்ன நினைப்பான்? மூன்று வருடம் கழித்து ஒரு நாள் திடீரென்று அக்கா கதவைச் சாத்திவிட்டாள் என்றுதான் நினைப்பான். அன்றைக்கு ஊர் முன்னால் கிளம்பு என்றாள், இன்றைக்கு இதிலிருந்தும் கிளம்பு என்கிறாள். எங்களுக்குள் மிச்சமிருந்தது இந்த ஒன்றுதான், அதையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

மூன்றரை ஆனது. பாட்டுத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எதுவும் ஓடவில்லை. மூன்று முப்பத்தாறுக்கு என் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. 'கடவுச்சொல்லை மீட்க உங்கள் ஆறு இலக்க எண் இது. பத்து நிமிடம் செல்லும். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.'

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அவன் அழுத்தியிருக்கிறான். இந்த எண்ணுக்குத்தான் ஓடிபி போகும் என்று கடைசி இரண்டு இலக்கத்தைத் திரை காட்டியிருக்கும். அது யாருடைய போன் என்று அவனுக்குத் தெரியாதா? நான் சொன்னால் ஒழிய உள்ளே வர முடியாது என்று தெரிந்தேதான் அழுத்தியிருக்கிறான். புதுக் கணக்குத் தொடங்க இரண்டு நிமிடம், அதை அவன் செய்யவில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் குரலை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. மூன்று நாற்பத்துநாலுக்கு இன்னொரு எண் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, விட்டுவிட்டான் என்று பயம் பிடித்துக்கொண்டது. எழுந்து மாடிப்படிக்குப் போய், படியில் உட்கார்ந்து, வெட்டாமல் கூப்பிட்டேன்.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான். பின்னால் குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

"நான் பண்ணலடா," என்றேன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பாக்குறவர் பண்ணிட்டாரு. இல்ல, அவரும் இல்ல. தெரிஞ்சவங்களான்னு கேட்டாரு. தெரியாதுன்னு நான்தான் சொன்னேன்."

 "சரி, நம்பரைச் சொல்லு," என்றான். குரல் அப்பாவின் குரல் மாதிரி ஆகியிருந்தது. ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"செல்லாதுங்குதுக்கா."

"பத்து நிமிஷம் தாண்டியிருக்கும். நான்தான் லேட் பண்ணிட்டேன். மறுபடியும் கேளு."

"ம்."

காத்திருந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பையனா பொண்ணாடா?"

"பொண்ணு. எட்டு மாசம். உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒரே பாட்டைப் பதினாறு தடவை வேற யாரு கேப்பாங்க."

"அது பல்லு வந்தப்ப," என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. பிளைட் லேட்டானா நீ என்ன பண்ணுவ? எனக்கு யார் மேலயாவது கோபப்படணும்னு இருந்துச்சு. நீ வந்து நின்ன."

 "தெரு முனையில அரை மணி நேரம் நின்னேன்," என்றான். "நீ வந்து கூப்பிடுவேன்னு."

 படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலே யாரோ கதவைத் திறந்து, ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் அழுகை குறைந்து, சிணுங்கலாகி, அதுவும் நின்றது.

"தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா."

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். புது எண் எதுவும் வரவில்லை. "இன்னும் ஓடிபி வரலையேடா. அழுத்தினியா இல்லையா?"

"அழுத்தல."

"ஏன்?"

"அழுத்தினா நம்பரைச் சொல்லிட்டு நீ வெச்சிடுவ," என்றான்.