அக்கா தெருவின் பதினாறு வீடுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என் வாசலில் வந்து நின்றபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானத்திலிருந்து வீட்டு போன் செத்துக் கிடக்கிறதாம். “உன் கம்பெனி லைன்தானேடா, வந்து பாரு” என்றாள். வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூடத் தோன்றவில்லை எனக்கு. என்ன நடந்திருக்கிறது என்று அந்த நொடியே புரிந்துவிட்டது.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடமாகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பள்ளத்தில் இருக்கிற அந்தத் தெருவில் செல்போன் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் வீட்டு நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அக்கா குளிக்கப் போனால்கூட யாரையாவது போன் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் போவாள்.

நாடு முழுக்கப் பழைய டெலிபோன் செம்புக் கம்பியை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை போடுகிறார்கள். டிவியைப் போட்டால் இத்தனை லட்சம் வீடு முடிந்தது, அடுத்த வருடம் இத்தனை கோடி என்று ஒரே தம்பட்டம். அதில் எத்தனை பொய் என்று என்னைப் போல இழை ஒட்டுகிறவனைக் கேட்க வேண்டும். வாரத்துக்கு நாற்பது வீடு முடித்தாக வேண்டும். முடித்ததற்குச் சாட்சி ஒரு போட்டோ: சுவரில் பெட்டி, அதில் பச்சை விளக்கு. எங்கள் ஆட்கள் எல்லோர் பையிலும் பேட்டரியில் எரிகிற பெட்டி ஒன்று இருக்கும். வீடு வீடாகச் சுவரில் வைத்துப் படமெடுத்துக் கம்பெனிக்கு ஏற்றிவிட்டு, நிஜ வேலையை அடுத்த வாரம் செய்வோம். இதுவரை யார் குடியும் முழுகிப் போனதில்லை.

வியாழக்கிழமை எனக்குப் பதினாறு வீடு குறைந்தது. அக்கா தெருவென்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அதையே ஏற்றிவிட்டேன். நான் படமெடுக்கும்போது அக்கா டீ கொடுத்தாள். திங்கட்கிழமை போய் ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். முடிந்ததாகப் பதிவான தெருவில் முன்பெல்லாம் பழைய லைனை மூன்று மாதம் கழித்துத்தான் வெட்டுவார்கள். இந்த மாதத்திலிருந்து இரண்டே நாள் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. படுபாவி, அக்கா வந்து நிற்கும் வரை நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அக்காவை வண்டியில் கூட்டிப்போய்த் தெருமுனை மேட்டில் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். என் செல் நம்பரைக் கொடுத்துவைக்கலாம் என்று நினைத்தேன். மாமா பெயரைச் சொன்னதும் போனை எடுத்த பெண் பட்டியலைத் தேடிப் பார்த்தாள்.

“காலையில ஆறரைக்குக் கிடைச்சுது சார். ஏழரை வரைக்கும் கூப்பிட்டுப் பார்த்தோம். அடுத்தவங்க வந்து சேர்ந்துட்டாங்க.”

அடுத்தது எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அதை யாரால் சொல்ல முடியும் என்றாள்.

அதற்குப் பிறகும் நான் போய் வேலை செய்தேன். வேறென்ன செய்வது? சாலையோரக் குழியைத் திறந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து இழையை ஒட்டினேன். மூன்று முறை இழை உடைந்தது. அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெம்பில்லை. வீட்டுக்குள் கேபிள் இழுத்தபோது மாமா வீங்கிய காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம ஓடி வந்திருக்கான் பாரு உன் தம்பி. தங்கமான புள்ள” என்றார் அக்காவிடம். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

பெட்டியைப் பொருத்தி போனை அதில் இணைத்தேன். ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. ரிசீவரை வைத்த மறுநிமிடமே மணி அடித்தது.

அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது. பதிவு செய்த பெண் குரல். எங்கள் கம்பெனியுடையது. புதிய இணைப்பு திருப்தியா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை அழுத்துங்கள் என்றது. அக்கா எதையும் காதில் வாங்கவில்லை.

“நான் அவர் வீட்டுக்காரிதாம்மா பேசுறேன். இப்பவே கிளம்பிடறோம்” என்றபடி இன்னொரு கையால் மாமாவுக்குச் சாடை காட்டினாள்.

மாமா ஸ்டூலிலிருந்து காலை மெல்ல இறக்கி, நாற்காலி முதுகில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தார்.