அத்தையின் ஆல்ஃபா

அத்தை இனிமேல் தனியாக இருக்கக் கூடாது என்று நரம்பு மருத்துவர் சொன்ன அன்றிலிருந்து மூத்த மருமகளுக்கு ஒரே ஒரு ஆசைதான். அத்தை தன் வீட்டுக்கு வர வேண்டும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். மாமியாரை வேண்டும் என்று அடம்பிடிக்கிற மருமகளை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்? ஆனால் இவளுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. கல்யாணமான புதிதில் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இருமலுக்கும் எழுந்து பார்த்தவள் அத்தைதான். அதை அவள் மறக்கவில்லை. மறக்கவில்லை என்று அத்தையிடம் ஒரு நாளும் சொன்னதும் இல்லை.

வாயைத் திறந்து கூப்பிடவும் மாட்டாள். அத்தையே தானாகச் சொல்லட்டுமே, அதில்தானே பெருமை என்று காத்திருந்தாள். அந்த இடைவெளியில் சின்னவள் புகுந்துவிட்டாள்.

சின்னவள் கொழுந்தனின் மனைவி. படித்த படிப்பு வீணாகிறதே என்று அவளைத் தான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே, மூளை அலையைப் பதிவு செய்கிற தன் ஈ.ஈ.ஜி. அறையிலேயே வேலைக்குச் சேர்த்துவிட்டது மூத்தவள்தான். தலையில் எந்தக் கம்பி எங்கே என்பதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். எழுத்து இடத்தைச் சொல்லும்: எஃப் என்றால் நெற்றிப்பக்கம், ஓ என்றால் பின்மண்டை. எண் பக்கத்தைச் சொல்லும்: ஒற்றைப்படை இடது, இரட்டைப்படை வலது, நடுவகிட்டுக்கு இசட். சின்னவள் அதையெல்லாம் ஒரு விடுமுறை நாளில் அத்தையின் தலையிலேயே தொட்டுத் தொட்டு விளையாட்டாய்ச் சொல்ல, அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "ஓ-ரெண்டுல சொறிஞ்சு விடுடி" என்றாள். சமையலறையில் நின்றிருந்த மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. பாடம் என்னுடையது, சிரிப்பு மட்டும் அவளுக்கா?

அத்தைக்குக் கொஞ்ச நாளாக ஒரு கோளாறு. பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பார்வை குத்திட்டு நின்றுவிடும். சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அடுப்பு எரியும்போது அப்படி ஆனதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. மூளை அலையைப் பதிவு செய்து பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர்.

அந்த அறையில் வேலை இரண்டு பேருடையது. ஒருத்தி கட்டிலருகே நின்று கம்பிகளைப் பசை வைத்து ஒட்டுவாள். இன்னொருத்தி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள், நோயாளி கண் சிமிட்டினாலும் இருமினாலும் அந்த இடத்தில் குறிப்புப் போடுவாள். நடுவில் ஒலிவாங்கி உண்டு. உள்ளே பேசுவது வெளியே கேட்கும், வெளியே பேசுவது உள்ளே கேட்கும். யார் ஒட்டுவது என்ற பேச்சு வந்ததும் அத்தை சட்டென்று சொன்னாள், "சின்னவளே ஒட்டட்டும். அவ கை மெத்துனு இருக்கும்."

மூத்தவள் தேள் கொட்டினவள்போல் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அத்தை கண்ணை மூடியதும் திரையில் பின்மண்டைக் கோடுகளில் ஆல்ஃபா வந்தது. கண்ணை மூடி நிம்மதியாகப் படுத்திருப்பவர்களுக்கு வருகிற அலை அது. கண்ணைத் திறந்தாலோ, மனசு எதிலாவது கூர்மையாகப் பதிந்தாலோ காணாமல் போகும். உள்ளே சின்னவள் கடைக்காரரைப் பற்றி, மழையைப் பற்றி, புருஷனின் குறட்டையைப் பற்றி ஏதோ தொணதொணத்தபடி கம்பிகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஆல்ஃபா அசையவே இல்லை. அவள் பேசப் பேச இன்னும் அழகாக ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்க மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. ஒலிவாங்கியை அழுத்தி, ஓ-இரண்டு தளர்ந்திருக்கிறது, நானே வந்து சரிசெய்கிறேன் என்றாள். ஓ-இரண்டு சிக்கென்றுதான் ஒட்டியிருந்தது.

உள்ளே போனாள். தளராத கம்பியை அழுத்தினாள். ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தாள். பழக்க தோஷம், வாயில் வந்தது வழக்கமான கட்டளைதான். கண்ணை மூடுங்க, அசையாதீங்க, பல்லைக் கடிக்காதீங்க. திரும்பி வந்து பதிவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். அவள் குரல் கேட்ட இடத்திலேயே ஆல்ஃபா நின்றுவிட்டது. நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கோடுகள் முழுக்கத் தாடைத் தசையின் கறுப்புக் கிறுக்கல்.

சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வேறொரு பொய்யைச் சொல்லி மறுபடி உள்ளே போனாள். மறுபடியும் ஆல்ஃபா நின்றது, மறுபடியும் கிறுக்கல்.

தெருவில் வண்டி ஒலி எழுப்பினாலும் ஆல்ஃபா நிற்கும், மனக்கணக்குப் போடச் சொன்னாலும் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இந்த இயந்திரத்துக்கு அன்பும் தெரியாது வெறுப்பும் தெரியாது என்று எத்தனை சொந்தக்காரர்களுக்கு அவளே விளக்கியிருக்கிறாள். அத்தனையும் அன்றைக்குக் காற்றில் போயிற்று. என்னைக் கண்டாலே அத்தைக்கு ஆகவில்லை, அவங்க மூளையே சொல்லிவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் புருஷனிடம், உங்கள் அம்மா தம்பி வீட்டிலேயே இருக்கட்டும், எனக்குத் தோதுப்படாது என்று வெடுக்கென்று சொன்னாள். எதையும் மறந்துபோகிற அந்த மனிதர் இதை மட்டும் சொல் பிசகாமல் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

பதிவைப் படித்த மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். பாதிக்கு மேல் தசையின் ஆர்ட்டிஃபேக்ட், மூளையிலிருந்து வராத வெறும் குப்பை, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி எடுங்கள், இந்தத் தடவை மூத்தவரே கம்பி ஒட்டட்டும் என்றார்.

ஒட்டினாள். சின்னவள் திரையின் முன் இருந்தாள்.  அத்தையின் தாடை இறுகி, காதோரம் நரம்பு புடைத்து நின்றது.

"பல்லைக் கடிக்காதீங்க, அத்தை."

"எப்படிடி கடிக்காம இருக்கிறது? வாயைத் திறந்தா அழுதுடுவேன்." அத்தை கண்ணைத் திறக்காமலேயே பேசினாள். "என்னை வேண்டாம்னு சொல்லி அனுப்புனியாமே."

மூத்தவள் ஒட்டிக்கொண்டிருந்த கம்பியை விட்டாள். "உங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கல. அன்னிக்கு என் குரல் கேட்டதுமே உங்க ஆல்ஃபா நின்னு போச்சு. அவ பேசினப்ப மட்டும் அது பாட்டுக்கு ஓடுச்சு."

"ஆல்ஃபாவாம் கீல்ஃபாவாம். அவ பேசுறது ரேடியோ பாடுற மாதிரி. அது பாட்டுக்குப் பாடும், நான் பாட்டுக்குக் கிடப்பேன். நீ வந்தா அப்படிக் கிடக்க முடியுமா? இவ இன்னிக்காவது வீட்டுக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட மாட்டாளான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தேன். நீ என்னடான்னா பல்லைக் கடிக்காதீங்கன்னுட்டுப் போயிட்ட."

மூத்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் தொண்டையிலேயே வைத்திருந்ததை ஒரு வழியாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்கு வந்துடுங்க, அத்தை."

 அத்தை கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தாடை மெல்லத் தளர்ந்தது, மூச்சு சீரானது. இருவரும் அசையாமல் அப்படியே இருந்தார்கள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சின்னவளின் குரல் வந்தது, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல்.

"அக்கா, கையை எடுங்க. ஆர்ட்டிஃபேக்ட் வருது."

மூத்தவள் கையை எடுத்தாள். அத்தையின் விரல்கள் படுக்கையில் கொஞ்ச நேரம் தேடிவிட்டு அடங்கின.

எல்லாம் முடிந்து அத்தையை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்து, மூத்தவள் பதிவைப் பின்னால் தள்ளினாள். சின்னவள் ஆர்ட்டிஃபேக்ட் என்று குறிப்புப் போட்டிருந்த இடம் வந்தது. அங்கே ஒரு பிசிறும் இல்லை. பின்மண்டைக் கோடுகளில் ஆல்ஃபா எண்ணெய் தடவி வாரிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து ஓடிக்கொண்டிருந்தது. தப்பான குறிப்பு மருத்துவரைத் திசை திருப்பிவிடும். அதை அழித்தாள். இந்தப் பெண்ணுக்கு நாலு வார்த்தை கொடுக்க வேண்டும் என்று திரும்பினாள்.

சின்னவள் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பிகளிலிருந்த பசையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சுத்தமாகிவிட்ட கம்பியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"அத்தை உங்க வீட்டுக்குத்தானே வர்றாங்க?"

"ஆமா." இந்த ஒரு சொல்லை எப்படியெல்லாம் சொல்ல வேண்டும் என்று மூத்தவள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள். இப்போது அது முணுமுணுப்பாகத்தான் வந்தது.

சின்னவள் குழாயை மூடினாள். "அன்னிக்கு ஓ-ரெண்டு தளரவே இல்லக்கா," என்றாள். "நான்தானே ஒட்டினேன், எனக்குத் தெரியாதா?"

மூத்தவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்று, ஈரக் கம்பிகளை ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தாள்.