கிளிப்புக்குப் பேர் பதிந்த கதை

கலகெதரவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு முன்னாலேயே ஓர் உடுப்புக் கிளிப்புக்குப் பேர் பதிந்துவிட்டார்கள். நான் ஆறு வருடமாகக் கைகாசு ஆள். வேலை இருக்கிற நாளில் கூப்பிடுவார்கள், இல்லாத நாளில் வீட்டோடு கிடக்க வேண்டும். நிரந்தர ஆளாகப் பேர் பதியுங்கள் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. கிளிப் வாயே திறக்கவில்லை, நாலே மாதத்தில் பதிந்துவிட்டது!

தேயிலைத் தூளிலிருந்து குச்சியைப் பொறுக்க வெளிநாட்டு மெசின் ஒன்று வந்தது. உள்ளே பன்னிரண்டு கேமரா, ஒரு கணினி. குச்சியைக் கண்டால் காற்றை ஊதித் தள்ளிவிடும். வந்த மூன்றாம் நாளே அதற்குக் கிறுக்குப் பிடித்து, நல்ல தூளையும் குச்சி என்று தள்ளியது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். காற்றுக் குழாய் ஒன்று துடித்துத் துடித்துக் கேமராவை இடித்துக்கொண்டிருந்தது. அக்குறணை நளீர் நானாவின் கடையில் வாங்கிய ஒரு டசன் மரக் கிளிப் என் பையில் இருந்தது. ஒன்றை எடுத்துக் குழாயைக் கம்பியோடு சேர்த்து மாட்டிவிட்டேன். மெசினுக்குப் புத்தி வந்துவிட்டது.

நாலு மாதம் கழித்து மெசின் கம்பனியின் எஞ்சினியர் ஸாகி பரிசோதிக்க வந்தார். கிளிப்பைக் கழற்றினார், மெசினுக்கு மறுபடி கிறுக்குப் பிடித்தது. திரும்ப மாட்டினார், அப்போதும் தெளியவில்லை.

"இத ஆரு வெச்ச?"

"நான்தாங்க. கொஞ்சம் சரிச்சு மாட்டணும்." நான் மாட்டியதும் தெளிந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு குச்சி, ஒரு ஸ்பிரிங். எங்கட கம்பனியில முப்பது எஞ்சினியர் ஈக்காங்க அக்கா, ஒருத்தருக்கும் இது தோணல்லயே!"

குச்சியைத் தள்ள வந்த மெசின் குச்சியால்தான் ஓடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்தது.

கம்பனி கடிதம் அனுப்பியது. கிளிப் இனி மெசினின் பாகமாம். அதே கிளிப்தான் இருக்க வேண்டுமாம், மாற்றினால் உத்தரவாதம் செல்லாதாம். ஒபிஸில் இருக்கும் யசோதினி அதைச் சொத்துப் புத்தகத்தில் பதிந்து 417 என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். எனக்கு ஒரு கை பொரி கொடுத்தார்கள்.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கிளிப்பை மாட்டத் தெரிந்த ஆள் மெசினோடு இருக்க வேண்டும். கைகாசு ஆளை ஆள் புத்தகத்தில் எழுத முடியாது, சொத்துப் புத்தகத்தில் எழுதலாம் என்று கண்டுபிடித்த யசோதினி, என் தோளில் 417அ என்று ஒட்டினாள்.

"என்னடி இது?"

"ஒருவழியா பதிஞ்சாச்சுல்லக்கா! சந்தோசப்படுங்க."

சந்தோசமா! ஆறு வருடமாக நான் கேட்டது இதையா?

அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். லீவு கேட்டேன்.

"மெசின் பாகத்துக்கு லீவு கெடையாதுக்கா," என்றாள் யசோதினி. "பழுதுன்னுதான் எழுதலாம்."

"அப்ப பழுதுன்னே எழுதிக்க!" ஸ்டிக்கரை உரித்து அவள் மேசையில் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து மணிக்கெல்லாம் கிளிப் நழுவியிருக்கிறது. ஆளாளுக்கு மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். டீமேக்கர் ஐயா ஜீப்பில் வந்து என் வாசலில் இறங்கினார்.

"வாம்மா இராஜகுமாரி! தூளெல்லாம் குச்சிப் பக்கம் போகுதும்மா!"

"நான் பழுதுங்க ஐயா."

"எப்படிச் சரியாகும்?"

"ஆள் புத்தகத்துல எம் பேர எழுதி, கடிதம் குடுங்க. தானா சரியாயிரும்."

போன ஜீப் மூன்று மணிக்குத் திரும்பி வந்தது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இராஜகுமாரி என்று என் பேர் இருந்தது, நிரந்தரம் என்றும் இருந்தது. அழுகை வந்தது, அவர் முன்னாலேயே அழுதேன்.

"சரி, ஏறும்மா," என்று ஐயா அவசரப்பட்டார். "அந்தக் கிளிப்பு ஒடைஞ்சா நாம அம்போதான். அது மாதிரி இன்னொன்னு உலகத்துலயே கெடையாதாம்."

"ஆமாங்க ஐயா," என்றேன்.

அவருக்குப் பின்னால் கொடியில் மகளின் பள்ளிக்கூட உடுப்புகள் மீதிப் பதினொரு கிளிப்பிலும் காய்ந்துகொண்டிருந்தன.