பொன் ஒட்டிய பலகை

மேல்மாடியில் தடால் என்று ஏதோ விழுந்தது. படத்தைத் தூக்கிப் போக வந்து வாசலில் காத்திருந்த ஜெகதீஸ்வரன் படிகளில் பாய்ந்து ஏறினான்.

ஓவியர் ஆர்சேனி லூகிச்சின் கூடத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் நிலமெங்கும் ஓடியது. யோகாம்பாள் தாங்கியில் இருந்த படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

சுவிஸில் சோலோதுர்ன் நகரத்துக்கு வந்த ஒன்றரை வருடமாக அவள் இந்த ரஷ்யக் கிழவரின் வீட்டைத் துடைக்கிறாள். அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கணவன் தவச்செல்வனின் பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துப் பெரிதாக வரைந்து தரவேண்டும். எண்பத்து நான்கில் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் அவனைப் பிடித்துப் போனார்கள். விட்டுவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள்.

போன மாதம் கன்வஸ் துணியில் படம் மீசை வரை வந்திருந்தது.

"மீசையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும், தம்பி. ஆள் வந்திறங்கேக்கை தன்ர படத்தைப் பாத்துத் தானே பயந்திடுவார்" என்று சிரித்தாள். ஜெகதீஸ்வரன்தான் அதை ஜெர்மனில் சொன்னான்.

இப்போது தாங்கியில் கன்வஸ் இல்லை. தடித்த மரப்பலகை. தவச்செல்வனின் தலைக்குப் பின்னால் பொன் தகடு ஒட்டி மினுக்கியிருந்தது. மீசை குறைந்துதான் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெகதீஸ்வரனுக்குத்தான் தொலைபேசி வந்தது. வரும் செவ்வாய் அவளுக்குப் பேர்ணில் அகதி விசாரணை. அது முடியட்டும் என்று செய்தியை மறைத்தான். நெஞ்சு பொறுக்காமல் ஒருவரிடம் மட்டும் சொன்னான், தமிழ் தெரியாத இந்தக் கிழவரிடம். அவளுக்கும் தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார்.

கிழவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"உயிரோடு இருப்பவர்களைக் கன்வஸில் வரைவேன். இறந்தவர்களைப் பலகையில்தான். முகத்தைக் கடைசியில், விரதமிருந்து தீட்டினேன். அவளிடம் சொல்" என்றார் ஜெர்மனில்.

"என்ன சொல்லுறார்?"

"பலகை கனகாலம் கிடக்குமாம், அக்கா. கன்வஸ் கெதியாப் பழுதாயிடுமாம்."

யோகாம்பாள் குந்தியிருந்து தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினாள். இந்தக் கூடத்தில் அவள் தூசி தட்டாத படம் இல்லை. கன்வஸில் இருந்தவர்களுக்கு அவளே கோப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். பலகையில் இருந்தவர்கள் புனிதர்கள், கிழவரின் மனைவி, போரில் மடிந்த அவர் தம்பி.

துணியை வாளிக்குள் பிழிந்தாள். தலை நிமிரவில்லை.

"இவருக்கு எப்ப சொன்னனீர், தம்பி?"